இறால் ஓடும், மரவட்டை வளையமும்

கிள்ளானில் எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இறால் உரித்துக் கொடுத்தபோதுதான் அந்த யோசனை வந்தது. ஓடு வளையம் வளையமாகக் கழன்றது. ஒவ்வொரு வளையமும் அடுத்ததன்மேல் கூரை ஓடுபோல் ஏறியிருந்தது. இடையில் மெல்லிய தோல். விறைத்த ஓட்டுக்குள் இருந்துகொண்டே இறால் வளைவது அதனால்தான். பூச்சி, பூரான், நண்டு எல்லாவற்றுக்கும் இதே கட்டுமானம். பாடப்புத்தகப் படம் எதற்கு? பிள்ளைகள் கையில் ஆளுக்கோர் இறால் கொடுத்தால் போதும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் சனிக்கிழமை வகுப்பு நடத்தும் அக்கா, உயிரியல் சொல்லித்தர எனக்கு ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார். பிள்ளைகளுக்குப் பிடிக்காவிட்டால் அந்த நேரம் கணக்குப் பாடத்துக்குப் போய்விடும். விடுவதாக இல்லை நான்.

ஐஸ் பெட்டியோடு ரயிலில் போய் இறங்கினேன். அக்கா மூடியைத் திறந்தார், உடனே மூடினார்.

"தம்பி, புரட்டாசி சனிக்கிழமை லா. பாதிப் பிள்ளைங்க விரதம்."

"சாப்பிட இல்லக்கா, பாக்கத்தான்."

"வாடைக்குத் தெரியுமா அது?"

எங்கள் வீட்டில் விரதம் கிடையாது. மாதமே நினைவில் இல்லை. பெட்டியை வெளியே வைக்கப் போனபோது, மழை நனைத்த சுவரோரம் மரவட்டை ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. தட்டில் ஏற்றி உள்ளே கொண்டுபோனேன்.

"வளையத்துக்கு ரெண்டு ஜோடிக் கால். ரெண்டு உடம்புத் துண்டு ஒட்டி ஒரே வளையமாயிருக்கு," என்றேன்.

பிள்ளைகள் முதலில் பின்வாங்கினார்கள், பிறகு தட்டை மொய்த்தார்கள். ஒரு சிறுமி குனிந்து பார்த்தாள்.

"அண்ணே, முன்னால ஒவ்வொரு ஜோடிதான் இருக்கு. தப்பா சொல்றீங்க."

"தப்பில்ல, முழுசா சொல்லல."

"ஸ்கூல்ல டீச்சர் அதத்தான் தப்புன்னு சொல்வாங்க."

முழுசாகச் சொன்னேன்: முதல் வளையத்துக்குக் கால் இல்லை, அடுத்த மூன்றுக்கு ஒவ்வொரு ஜோடி, பிறகுதான் இரண்டிரண்டு. அவள் விடவில்லை.

"குட்டிக்கும் இத்தன வளையமா?"

"இல்ல. தோலுரிக்க உரிக்கக் கூடும்."

"பாத்திருக்கீங்களா?"

படித்ததோடு சரி, பார்த்ததில்லை. அப்படியே சொன்னேன். "அப்ப வளர்த்துப் பாப்போம்," என்றாள். கதவருகே நின்ற அக்கா, கணக்கு சாரை வேறு நேரத்துக்கு வரச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த வாரம் பந்திங் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து மட்கிய ஓலைக்கடியில் மரவட்டைக் குட்டி தேடப் போகிறேன். ஈரமண்ணும் காய்ந்த இலையும் போட்ட டப்பாவில் வகுப்பிலேயே வைப்போம். வளையங்களைப் பிள்ளைகளே எண்ணி எழுதட்டும். தோலுரிக்கும்போது அது மண்ணுக்குள் புதைந்துவிடும். அது மறுபடி மேலே வரும்வரை கிளறாமல் காத்திருக்க வேண்டும்.