நனையாத ரவைகள்

போன வருடம் நத்தார் பண்டிகைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை நடந்தது இது. இத்தாலியின் பலெர்மோ நகரில், ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போகும் வழியில் உள்ள துப்பாக்கி சுடும் பயிற்சி இடமொன்றில் ஆறு வருடமாகத் துப்புரவு வேலை செய்கிறேன். தரை துடைப்பது, வெற்று ரவைக் கோதுகளைக் கூட்டி அள்ளுவது, வெடிக்காத ரவைகளைச் சிவப்பு வாளியில் தனியாகப் போடுவது எல்லாம் என் பொறுப்பு.

அன்று நல்ல மழை. வந்தவர்களின் சப்பாத்து ஈரத்தை நான் துடைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். நகரின் பொலிதேயாமா பகுதியில் கிளினிக் வைத்திருக்கும் பல் வைத்தியர் ஒருவர் தன் பிஸ்டலால் குறி பார்த்து அழுத்தினார். ‘டிக்’ என்று மட்டும் கேட்டது. பயிற்சியாளர் சொன்னபடி, இலக்கை நோக்கியே அரை நிமிடம் பிடித்திருந்துவிட்டு ரவையைக் கழற்றினார். அடுத்ததும் அப்படியே. மூன்றாவது வெடித்தது. நான்காவது மறுபடியும் ‘டிக்’.

அவர் திரும்பி என்னைத்தான் பார்த்தார். தரை துடைக்கும்போது அவருடைய ரவைப் பெட்டியை நான் நனைத்துவிட்டேனாம். இப்படிப்பட்டவர்களை ஆயுதம் இருக்கும் இடத்தில் எப்படி விடுகிறீர்கள் என்று எல்லாருக்கும் கேட்கும்படி பயிற்சியாளரிடம் சத்தம் போட்டார். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

அந்தப் பெட்டி இருந்தது மேசைக்கு மேலே. ஆனாலும் என் வாயிலிருந்து முதலில் வந்தது என்ன தெரியுமா? “ஸ்கூசி.” செய்யாத பிழைக்கு மன்னிப்பு! இதற்கு முன் ‘சிஞோரா’ என்று கூப்பிடும் எசமானி அம்மாக்களின் வீடுகளில் வருடக்கணக்காக வேலை செய்து பழகிய வாய்.

என்னை இத்தனை வருடமாகத் தெரிந்த பயிற்சியாளரோ, இனிக் கவனமாக இருக்கச் சொன்னார். அப்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வேலை ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் புதுப்பிக்கப்பட இருந்தது. அது இல்லையென்றால் இந்த நாட்டில் தங்கும் அனுமதியான பெர்மெசோவும் இல்லை.

குனிந்து அந்த வெடிக்காத ரவைகளை எடுத்துப் பார்த்தேன். நாளாந்தம் எத்தனை கோது அள்ளுகிறேன்! துப்பாக்கிக்குள் இருக்கும் ஊசி சரியாகக் குத்தினால் ரவையின் அடியில் ஆழமான பள்ளம் விழும். இவற்றில் நகம் பட்டதுபோல ஒரு சின்னத் தடம்தான் இருந்தது. பயிற்சியாளரிடம் சொன்னேன்:

“இதே பெட்டி ரவையை உங்கள் பிஸ்டலில் போட்டுச் சுட்டுப் பாருங்கள்.”

தயங்கித்தான் எடுத்தார். பத்து ரவை போட்டார். பத்தும் வெடித்தன.

பிறகு வைத்தியரின் பிஸ்டலைக் கழற்றினார். ஊசி ஓடும் துளை முழுக்க எண்ணெயும் கரியும் சேர்ந்து தார் மாதிரி ஒட்டிக் கிடந்தது. ஒவ்வொரு முறையும் தானே நிறைய எண்ணெய் விடுவதாக வைத்தியர் சொன்னார். அந்த இடத்தில் எண்ணெயே விடக் கூடாதாம். பசை பிடித்த ஊசிக்கு வேகம் எங்கிருந்து வரும்? பயிற்சியாளர் துளையையும் ஊசியையும் துப்புரவுத் திரவம் விட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தித் திரும்பப் பூட்டினார். அதன் பிறகு ஒன்றுகூடத் தவறவில்லை.

வைத்தியர் சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் கோப்பி வாங்கித் தருவதாகச் சொன்னார். எனக்கும்தானாம். வைத்தியரை இங்கே எல்லாரும் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டுச் சொன்னேன்:

“கோப்பி வேண்டாம், தொத்தோரே. நான் நனைத்தேன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னீர்கள். நனைக்கவில்லை என்பதையும் அப்படியே சொல்லுங்கள்.”

முகம் சிவந்துபோய், பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார். சொல்லவேயில்லை. பயிற்சியாளர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்தான். ஆனால் கதவு சாத்திய பிறகு, யாருக்கும் கேட்காத குரலில். அதுவும் எனக்குச் செமிக்கவில்லை.

பின்னேரம் சீசா பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர் பயந்துவிட்டார்.

“ஏன் தேவையில்லாமல் கதைச்சனீர்? வேலை போனால் என்ன செய்யிறது?”

“கதைக்காமல் வந்திருந்தால் அது என்ரை பிழையாத்தானே போயிருக்கும்? அப்பவும் வேலை போயிருக்கும்.”

அவர் “ஓம், அதுவும் சரிதான்” என்றார்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. வைத்தியர் இப்போதும் வருகிறார், என்னைக் காணாதவர்போலக் கடந்து போகிறார். அவர் மீதுள்ள கோபத்தைவிட, என்ன ஏது என்று பார்க்காமல் மன்னிப்புக் கேட்ட என் மீதுள்ள கோபம்தான் இன்னும் ஆறவில்லை. அந்தக் கோபம் இருக்கும்வரை, யார் என் மேல் பழி போட்டாலும் ‘எங்கே, முதலில் திறந்து பார்ப்போம்’ என்று கேட்கும் துணிவும் எனக்கு இருக்கும்.