சண்டு வத்தல் என்று நான் சொன்னது

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். படித்தவர்கள் எதிரே வந்தால் இடுப்பில் செருகிய சேலைத் தலைப்பை இறக்கிவிட்டு ஓரமாக ஒதுங்கி நிற்பேன். அப்படிப்பட்டவள் என்றைக்காவது வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லி, அதற்கு எல்லாரும் சிரித்துவிட்டால், அதில் ஒரு ருசி வந்துவிடுகிறது. அந்த ருசிதான் என்னைக் கெடுத்தது.

போன வருஷம் வரை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயாவாக இருந்தேன். அதற்கு முன்னால் பல வருஷம் அருப்புக்கோட்டைக்கு மிளகாய் வத்தல் பொறுக்கப் போனேன். வத்தலைக் குவித்துப் போட்டிருப்பார்கள். சிவந்தது ஒரு பக்கம், வெளுத்துப்போனது ஒரு பக்கம் என்று பிரிக்க வேண்டும். வெளுத்ததற்குச் சண்டு என்று பெயர். அதுவும் விலை போகும், ஆனால் அடிமாட்டு விலைதான். கண் பார்ப்பதற்குள் என் கை பிரித்துவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் ஒரு திறமைத் தேர்வு நடத்துகிறது. தேறிவிட்டால் பன்னிரண்டு முடிக்கும் வரை உதவித்தொகை வரும். நான் வேலை பார்த்த கடைசி வருஷம், தீபாவளி கழிந்ததும், கணக்கு டீச்சர் வகுப்பில் ஒரு சின்னப் பரீட்சை வைத்து ஆறு பேரைத் தனியாக எடுத்தார். அவர்களுக்குக் காலையும் சாயங்காலமும் தனி வகுப்பு. மத்தியானமும் கணக்குப் போட வேண்டியிருந்ததால், "இவங்க ஆறு பேருக்கும் முதல்ல போட்ருங்க ஆயா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தட்டோடு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். நான் கரண்டியை நீட்டிச் சொன்னேன்:

"நல்ல வத்தலெல்லாம் முன்னால வா. சண்டெல்லாம் பின்னால நில்லு."

வரிசை முழுக்க ஒரே சிரிப்பு. வத்தல் காயாத களம் எங்கள் பக்கம் ஏது? எந்தப் பிள்ளைக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. சத்துணவு அமைப்பாளரம்மா கூட, "ஊமை மாதிரி இருந்துக்கிட்டு என்னமா பேசுது பாரு!" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. மறுநாளும் சொன்னேன். ஒரு வாரத்தில் நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. "ஏலே சண்டு, தள்ளி நில்லுலே" என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

பின்னால் நின்றவர்களில் எங்கள் தெருப் பெண்பிள்ளை ஒருத்தி. அவள் அம்மா காட்டு வேலைக்குப் போகிறவள். காலையில் முட்டை வந்து இறங்கினால் நான் இவளைத்தான் கூப்பிடுவேன். அட்டைகளை ஒரு பார்வை பார்ப்பாள். இத்தனை முட்டை, உடைந்தது இத்தனை, இன்றைக்கு வந்த பிள்ளைகளுக்குப் போக மிச்சம் இத்தனை என்று விரல் மடக்காமல் சொல்லிவிடுவாள். நான் ஒவ்வொன்றாக எண்ணி முடிக்கும்போது சரியாக இருக்கும். டீச்சர் அந்தச் சின்னப் பரீட்சை வைத்த அன்றைக்கு அவள் அம்மாவோடு களை வெட்டப் போயிருந்தாள். அவ்வளவுதான். அது எனக்கும் தெரியும். தெரிந்தும்தான் அவளையும் சேர்த்துச் சண்டு என்றேன்.

தனி வகுப்பில் இல்லாதவர்களும் அந்தத் தேர்வை எழுதலாம், ஃபாரம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று டீச்சர் வகுப்பில் சொல்லியிருக்கிறார். அதுதான் எனக்கு அப்போது தெரியாது.

மார்கழியில் ஒரு நாள், சாப்பாடு முடிந்த நேரம், அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். நோட்டு ஒன்றை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"ஆயா, சண்டு வத்தல்லயும் காரம் இருக்கும்ல?"

குழாயடியில் நாலைந்து பிள்ளைகள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதிலும் விழட்டும் என்று உரக்கச் சொன்னேன்:

"காரம் இருக்கும் தாயி. யாரு வாங்குவா?"

அவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். டீச்சர் அறை இருந்தது சமையலறையைத் தாண்டி, இந்தப் பக்கம்.

தேர்வு முடிந்து கொஞ்ச நாளில் டீச்சர் சமையலறைக்கு வந்தார்.

"அந்தப் பிள்ளை ஃபாரம் நிரப்பி, போட்டோ எல்லாம் ஒட்டி, நோட்டுக்குள்ளயே வச்சிருக்கா ஆயா. இன்னைக்கு நோட்டு திருத்தும்போதுதான் பாத்தேன். கடைசி நாள் வரைக்கும் ஏன் குடுக்கலன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறா. உங்க தெருதானே, ஏதாவது தெரியுமா?"

"தெரியலையே டீச்சர்" என்றேன்.

அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

பங்குனியில்தான் அவள் வீட்டுக்குப் போகத் துணிந்தேன். நாலு வீடு தள்ளியிருக்கிற வீடு. போவதற்கு இவ்வளவு நாள் ஆயிற்று. வாசலில் தார்ப்பாய் விரித்துத் தாயும் மகளும் வத்தல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க பெரியம்மா, அதிசயமா வந்திருக்கீக! இருங்க, தண்ணி கொண்டாரேன்" என்று அம்மாக்காரி உள்ளே போனாள். நான் உட்கார்ந்தேன். சும்மா இருக்கத் தெரியாத கை வத்தலைப் பிரிக்க ஆரம்பித்தது. அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு தாயி."

"எது ஆயா?"

அவளுக்குத் தெரியாமல் இல்லை. என் வாயால் வரட்டும் என்று காத்திருந்தாள்.

"சண்டுன்னு சொன்னது. யாரு வாங்குவான்னு கேட்டது."

அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

"அந்தப் பரீட்சைய எட்டாப்புல மட்டுந்தான் எழுத முடியும் ஆயா" என்றாள்.

கோபமாகக் கூடச் சொல்லவில்லை. முட்டைக் கணக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அதற்குள் அவள் அம்மா செம்போடு வந்துவிட்டாள்.

"என்ன பெரியம்மா, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பிள்ளை முந்திக்கொண்டது.

"வத்தல் நெடிம்மா."

தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். பதிமூன்று வயசுப் பிள்ளை என் மானத்தை மூடிவிட்டது. டீச்சரைப் பஸ் ஸ்டாப்பில் அடிக்கடி பார்க்கிறேன். "நல்லா இருக்கீங்களா ஆயா?" என்று கேட்கிறார். தலைப்பை இறக்கிவிட்டு, "இருக்கேன் டீச்சர்" என்கிறேன். அதற்குமேல் இன்னும் சொல்லவில்லை.