ரேகை இல்லாத பதினோரு பேர்

ரேகை இல்லாத கையைப் பார்த்திருக்கிறீர்களா? நான் தினமும் பார்த்திருக்கிறேன். ஆனால் கவனித்தது போன வெள்ளிக்கிழமைதான் – அதுவும் ஓர் அதிகாரி பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்த பிறகு.

நான் குடியிருப்பது கோவில்பட்டியில், அரசாங்கம் கட்டி வாடகைக்கு விட்ட நாற்பது வீடுகளில் ஒன்று. கரிசல் மண். கோடையில் தரை பிளக்கும். கூடவே சுவரும் பிளக்கும். பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசனை எனக்கு ஜன்னல் வழியாக வருவதில்லை, விரிசல் வழியாகத்தான் வரும். மனுப் போட்டு அலுத்துப்போய், இரண்டு வருடமாக நாங்களே சங்கம் வைத்துச் சுவரைப் பூசுகிறோம், தண்ணீர் மோட்டார் போடுகிறோம், சாக்கடை தள்ளுகிறோம்.

இப்போது ஒரு நோட்டீஸ். பராமரிப்பு முழுவதும் ஒரு காண்ட்ராக்டரிடம் போகிறதாம். வேண்டாம் என்றால் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் சங்கமே பார்த்துக்கொள்ளலாம்.

காண்ட்ராக்டர் வருவதற்கு முன்பே வாயைத் திறந்துவிட்டார். "ஆள் செத்துப்போன வீட்டை மொதல்ல காலி பண்ணணும்." அப்படி இருப்பது ஒரே வீடு. முப்பத்தோராம் நம்பர், பாக்கியம் அக்கா. போன வருடம் புருஷன் போய்விட்டார். வீடு இன்னும் அவர் பெயரில். அக்கா இரண்டு பெண் பிள்ளைகளோடு, தீப்பெட்டி ஆபீஸ் வேலையில் காலம் தள்ளுகிறார். தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நாற்காலி மட்டும் இருக்காது.

மனு எழுதியது நான். டீச்சர் ஆயிற்றே! இருபத்து மூன்று வீடுகள் சேர்ந்தன. பன்னிரண்டு கையெழுத்து, பதினொன்று கைநாட்டு. இருபத்தொன்று போதும். அரை நாள் லீவு போட்டு, வீட்டு வாரிய ஆபீஸில் ஜம்பமாகக் கொண்டுபோய் நீட்டினேன்.

அதிகாரி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "டீச்சர், இந்தப் பதினொண்ணும் செல்லாது. ரேகையே இல்லை, வெறும் மை. ஒரே ஆள் பதினோரு தடவை வச்ச மாதிரி இருக்கு."

ஒரே ஆள் என்றால் யார்? மனுவைக் கொண்டுபோன நான்தானே? எனக்குக் கோபம் வந்தால் நாக்கு முந்திக்கொள்ளும். "காப்பி அடிக்கிற பிள்ளையளப் புடிக்கிறதுதான் சார் என் வேலை. நானே அடிப்பேனா?"

அவர் சிரிக்கவில்லை. "நேர்ல வந்து வைக்கச் சொல்லுங்க. அஞ்சு மணிக்கு ரூமைப் பூட்டிருவேன்."

மணி மூன்றே கால். பதினோரு பேரும் ஒரே தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்பவர்கள். ஆட்டோ பிடித்தேன்.

வாசலில் கணக்கப்பிள்ளை. "பாதி வேலைல போனா, நாளைக்கு வராண்டாம்னு மொதலாளி சொல்லுவாவ டீச்சர்."

உள்ளே விஷயத்தைச் சொன்னேன். பாக்கியம் அக்கா தலையை நிமிர்த்தவில்லை; கை பெட்டி ஒட்டிக்கொண்டே இருந்தது. "எனக்காவ யாரும் பொழப்பக் கெடுத்துக்கிட்டு வராண்டாம். நீங்க போங்க டீச்சர்."

மற்றவர்களின் கையும் பெட்டியை விடவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று வாசல் பக்கம் திரும்பினேன்.

என் அடுத்த வீட்டு சகாயமேரிதான் எழுந்தாள். "ஏட்டி, உனக்காவன்னு யாரு சொன்னா? என் வீட்டுச் சுவரும்தான் பொளந்து கெடக்கு. எந்திரி." கணக்கப்பிள்ளையிடம் திரும்பினாள். "நாளைக்கு நாங்க வராண்டாம்னா, பெட்டியை யாரு ஒட்டுவா அண்ணாச்சி?"

அவர் வழிவிட்டார்.

பதினோரு பேர் ஒரு ஆட்டோவில் ஏற முடியுமா? நடந்தோம். ஓடினோம் என்றே சொல்லலாம். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி... அவ்வளவு நீளமான கூட்ஸை என் ஆயுளில் பார்த்ததில்லை. அதிகாரியின் ஆபீஸ் படியேறும்போது ஐந்துக்கு இருபது நிமிஷம்.

வரிசையாக விரல் வைத்தார்கள். மறுபடியும் அதே மை அப்பல்!

சகாயமேரியின் கையைப் பிடித்துப் பார்த்தேன். பெருவிரல் வழவழ என்று இருந்தது. வருடக்கணக்காகப் பசையைத் தடவி, அட்டையை அழுத்தி அழுத்தி, ரேகை தேய்ந்தே போயிருந்தது. ஒரு சுவர் தள்ளிக் குடியிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லையே? வெட்கமாக இருந்தது.

"இதை வச்சு நான் என்னம்மா செய்ய?" என்றார் அதிகாரி.

அவர் மேஜையில் சிகரெட் பாக்கெட்டுக்கு மேல் ஒரு தீப்பெட்டி. பாக்கியம் அக்கா அதை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "ரேகை கேக்குதீங்களே சார்... அது பூராவும் இதுலதான் போயிருக்கு."

அதிகாரி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவைத் திறந்து, ஒவ்வொரு மைக்கும் பக்கத்தில் 'என் முன்னிலையில் வைத்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பத்துப் பேருக்கு. பதினொன்றாவதில் பேனாவை மூடிவிட்டார்.

"வீடு உங்க பேர்ல இல்லையேம்மா. இது செல்லாது."

இருபத்திரண்டு. ஜெயித்துவிட்டோம். யாருக்காகப் பயந்து ஓடினோமோ, அவர் ஒருத்தரின் விரல் மட்டும் கணக்கில் வரவில்லை. "இருக்கட்டும் சார்" என்று அக்கா சேலைத் தலைப்பில் மையைத் துடைத்துக்கொண்டார். எனக்குத்தான் ஆறவில்லை.

மறுநாள் தீப்பெட்டி ஆபீஸில் யாரையும் யாரும் தடுக்கவில்லை. ஆர்டர் குவிந்து கிடந்ததாம். பெயர் மாற்ற மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். அது எத்தனை மேஜை ஏறி இறங்குமோ!

ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடியது. என்னிடம் இருந்த மோட்டார் ரூம் சாவி இப்போது முப்பத்தோராம் நம்பரில், அக்கா வீட்டு ஆணியில் தொங்குகிறது. கொடுக்கும்போது கையெழுத்தும் வாங்கவில்லை, ரேகையும் கேட்கவில்லை.