கீழ்வீட்டு வழியாகப் போன கடிதம்

சயாகுல் லேசில் யாரையும் நம்புகிறவள் அல்ல. எப்படி நம்புவாள்? இருபத்தாறு வருஷம் தபாலாபீசில் தபால் பிரித்த கை. எந்த உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எவ்வளவு தெரியும் என்பது அவளுக்கு அத்துப்படி. தூக்கிப் பிடித்ததும் உண்டு.

அப்படிப்பட்டவளுக்கு இணையம் வந்து சேர்ந்த வழியைப் பாருங்கள். நாரின் என்கிற மலைநகரத்து அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இவள், இரண்டாவதில் ஒமுர்பெக். இணைப்பு அவன் கணினிக்குத்தான். அதிலிருந்து ஒரு கேபிள் ஜன்னல் வழியாக ஏறி இவள் கணினிக்கு வந்தது. அவன் கணினியை அணைத்தால் இவளுக்கும் இணையம் போய்விடும்.

"உங்க கடுதாசி எல்லாம் என் மெஷின் வழியாத்தான் போகுது அக்கா" என்று பெருமையாகச் சொன்னான். அன்று பிடித்தது அவளுக்குச் சந்தேகம்.

அவளுக்கு இருப்பது ஒரே மகன், எர்மெக். சைபீரியாவில் எண்ணெய்க் கிணற்று முகாமில் வேலை. அங்கே போன் எடுக்காது, இணையத்தில் கடிதம்தான். செப்டம்பரில் வேலையை விட்டு வந்துவிடுவதாக எழுதியிருந்தான். அவளைத் தனியாக விட மனசில்லையாம்.

ஒருநாள் தனக்கு முழங்கால் வலி என்று மகனுக்கு எழுதினாள். மறுநாளே ஒமுர்பெக் வளைக்கரடிக் கொழுப்போடு வந்து நின்றான். "முட்டிக்குத் தடவுங்க அக்கா." இவள் நொண்டி நொண்டிப் படியேறுவதைக் கட்டடமே பார்க்கிறது. அது எங்கே இவள் புத்திக்கு எட்டியது? படிக்கிறான், படுபாவி படிக்கிறான் என்றே தோன்றியது.

பொறி வைத்தாள். நல்ல சேதி கிடைத்தால் அந்த ஊரில் எவனுக்கும் வாய் நிற்காது. முதலில் ஓடிப்போய்ச் சொல்லி, 'சுயுன்சு' என்று கை நீட்டிப் பரிசு வாங்குவது அவர்கள் வழக்கம். அதனால் மகனுக்கு எழுதினாள்: 'எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அவர் கோச்கோரில் ஆடு வளர்க்கிறவர். அடுத்த மாதம் அங்கே போய்விடுவேன்.' ஒமுர்பெக் அகப்பட்டதும் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைப்பு.

மூன்று நாள் காத்திருந்தாள். வாழ்த்துச் சொல்ல ஒரு ஈ காக்கை வரவில்லை. நான்காம் நாள் மகனின் பதில்தான் வந்தது.

'சந்தோஷம் அம்மா. இனி உன்னைப் பற்றிக் கவலையில்லை. இங்கேயே ஐந்து வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். நாளைக் காலை கையெழுத்துப் போடுகிறேன்.'

பதில் அடிக்கக் கை வைத்ததும் இணைப்பு போயிற்று. விழுந்தடித்துக் கீழே ஓடினாள். ஒமுர்பெக் மூட்டையும் கையுமாகக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தான். மலைமேய்ச்சலுக்குப் போனால் கோடை முடிந்துதான் திரும்புவான். வாசலில் லாரி ஹாரன் அடித்தது.

"தம்பி, கணினியப் போடு. எர்மெக்குக்கு இப்பவே ஒண்ணு எழுதணும்."

அவள் அவசரத்தைப் பார்த்துவிட்டு, பூட்டைத் திறந்து கணினியைப் போட்டு அவனே உட்கார்ந்தான். "நீங்க எழுத்தைத் தேடித் தேடி அடிக்கிறதுக்குள்ள லாரி போயிடும். சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

வேறு வழியில்லை.

"கையெழுத்துப் போடாதே. கல்யாணமெல்லாம் பொய்னு எழுது."

அவன் அடித்தான். "ஏன் பொய் சொன்னீங்கன்னு கேப்பானே?"

சயாகுல் சுவரைப் பார்த்தாள். "கீழ்வீட்டு ஒமுர்பெக் என் கடுதாசியத் திருட்டுத்தனமா படிக்கிறான்னு நெனச்சேன். அவனைப் பிடிக்கத்தான் சொன்னேன்னு எழுது."

விசைப்பலகைச் சத்தம் நின்றது. வெளியே மறுபடி ஹாரன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"மெதுவாச் சொல்லுங்க அக்கா" என்றான். "திருட்டுத்தனமா... அப்புறம்?"