குப்பை என்று பிடுங்கிய ஆணிகள்

இது கதை இல்லை. சந்தேகம் இருந்தால் பாகாலாவில் என் நண்பன் சுரேஷ்பாபுவைக் கேளுங்கள். முதலில் அழுவான், பிறகு சொல்வான்.

அவன் அக்கா ரோஹிணியின் கல்யாண மோதிரம் மாந்தோப்பில் விழுந்துவிட்டது. முந்தின நாள், காய் பறிக்கும்போது. அக்காவைக் கூட்டிப்போக மாமியார் அன்று நான்கு மணிக்குச் சித்தூரிலிருந்து வருகிறார். முன்பு ஒரு கம்மல் தொலைந்ததற்கே அக்காவை மூன்று மாதம் அம்மா வீட்டில் உட்கார வைத்த புண்ணியவதி. இப்போது மோதிரம். இனி கூப்பிடவே மாட்டார்.

சுரேஷ்பாபுவிடம் ஒரு மெட்டல் டிடெக்டர் இருந்தது. புதையல் எடுத்துப் பணக்காரன் ஆவதற்காக ஆன்லைனில் வாங்கியது. அதுவரை எடுத்த புதையல் எல்லாம் பீர் பாட்டில் மூடி.

அந்த மெஷினுக்குத் தங்க மோதிரமும் குட்கா பாக்கெட்டின் உள்தாளும் ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரே 'டிங்', திரையில் ஒரே எண். இரும்புக்கு மட்டும் 'ட்ர்ர்'. பக்கத்தில் இரும்பு இருந்தால் தங்கத்தின் சத்தம் அமுங்கிவிடும். அதனால் முதலில் இரும்புக் குப்பையைப் பிடுங்கிவிட வேண்டும். இது இந்தத் தொழிலின் பாலபாடம்.

உச்சி வெயில். தோப்பின் கடைசி மரம்.

ட்ர்ர்...

ஆணி. ஒரு சாண் நீளம். தரையில் நேராக அடித்திருந்தது. ஓரடி தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. மரத்தைச் சுற்றி வட்டமாக.

"தரைக்கு எவன்டா ஆணி அடிச்சான்?" என்றேன்.

"ஓடிப்பூடும்னு பயந்திருப்பான்."

சிரித்தோம். எல்லாவற்றையும் பிடுங்கிப் பையில் போட்டோம்.

கடைசி ஆணி வரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். வந்தது.

தோப்பில் அதுவரை கேட்ட கிளிச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது?

டிங்.

தோண்டினோம். முழங்கை ஆழத்தில் மோதிரம். அக்காவுடையதேதான். நேற்று விழுந்தது... கல் மாதிரி இறுகின மண்ணுக்குள்.

விரலை மாட்டி இழுத்தேன்.

அது திருப்பி இழுத்தது.

"வேருடா" என்றேன்.

"வேர் விட்டு விட்டுப் பிடிக்குமாடா?"

காலை ஊன்றினேன். ஒரே இழுப்பு. வந்துவிட்டது. சட்டைப் பையில் போட்டுப் பட்டனை மாட்டினேன்.

கேட்டில் காவல்காரர் கன்னையா எங்கள் பையைப் பார்த்தார். ஆணிகளைப் பார்த்தார். திட்டவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டில் இறங்கி நடந்தார்.

"அண்ணா, கேட்டைப் பூட்டலியா?"

"இனிமே எதுக்கு?"

பைக்கில் வேகமாக வந்தோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. மணி 4.10. என் போன் அடித்தது. ரோஹிணி அக்கா.

"தனா, மோதிரம் வந்துடுச்சுடா. அத்தையும் பார்த்துட்டாங்க."

சட்டைப் பையைத் தொட்டேன். பட்டன் மாட்டியபடியே இருந்தது.

உள்ளே ஒன்றும் இல்லை.

"யாருக்கா கொண்டாந்தது?"

"நீ அனுப்பின பொண்ணுதான். அவளே போட்டு விட்டா. கையெல்லாம் மண்ணு..."

"போயிட்டாளா?"

"சாப்பாடு போட்டேன். துன்னல. தனா..."

"அக்கா?"

"என் விரலை விடமாட்டேன்றாடா."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் அப்படி யாரும் இல்லை. அக்கா மாமியாரோடு கிளம்பிப் போயிருந்தாள்.

ஒரு வாரம் தேடிக் கன்னையாவை அவர் ஊரில் பிடித்தோம். அந்த ஆணிகளை அடிக்க மந்திரவாதியைக் கூட்டி வந்தது அவர் அப்பாவாம். அந்தக் காலத்தில் தோப்புக்காரர் வீட்டில் ஒரு மருமகள் இருந்தாள். மோதிரத்தைத் தொலைத்துவிட்டாள். கிடைக்காமல் வீட்டுக்கு வராதே என்று மாமியார் அனுப்பிவிட்டார். அவள் அந்த மரத்தடியில் மண்ணைக் கையால் பறித்துக்கொண்டே இருந்தாள். காலையில் பார்த்தபோது உயிர் இல்லை. அதற்கப்புறம்தான் ஆணி.

ரோஹிணி அக்கா சித்தூரில் சௌக்கியம். மாமியார் இப்போது ஒரு வார்த்தைகூட அதட்டிப் பேசுவதில்லையாம். சாப்பிடும்போது மட்டும் ஒரு தட்டு கூடுதலாக வைக்கிறாராம்.

யாருக்கு என்று கேட்டால் அக்கா போனை வைத்துவிடுகிறாள்.