சனிக்கிழமை நான்கு மணிக்கு நாங்கள் தேவாரம் பாடவில்லை

மரகதம் அக்கா போய்விட்ட செய்தி எனக்குக் கிள்ளான் பாசாரில் வந்தது. எங்கள் தோழி பத்மாதான் போனில் கூப்பிட்டாள். "அக்கா போயிட்டாங்கடி. காலைல குளிச்சிட்டு வந்து உக்காந்தவங்க எந்திரிக்கவே இல்ல. மாரடைப்புன்னு டாக்டர் சொல்லிட்டாரு." கையில் கீரைக்கட்டோடு நின்றேன். கீரைக்காரம்மா இரண்டு முறை கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை.

வீடு போய்ச் சேர்வதற்குள் எங்கள் பழைய ஆஸ்பத்திரி ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பிய படங்கள் வரிசை கட்டிவிட்டன. நடுவில் ஒரு புண்ணியவதி எழுதியிருந்தாள்: "பாவம், குடிப்பழக்கம் இருந்துச்சாம். அதான் இப்படி." அதற்கும் பலபேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. அக்காவைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கட்டைவிரலைத் தூக்கியவர்களும் படிக்கட்டும், எனக்கொன்றும் குறைந்துவிடாது.

அக்கா முப்பது வருடம் அரசாங்க ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மருந்து கலந்தவர். நான் பக்கத்துக் கவுண்டரில் சீட்டு வாங்கிப் பதிந்தவள். அவர் பணி ஓய்வு பெற்றபோது சுபாங் ஜெயாவில் ஒரு ஹோட்டலில் விருந்து வைத்தோம். யாரோ விளையாட்டாக அவர் முன்னால் ஒரு டைகிரியை வைத்தார்கள். வெள்ளை ரம், எலுமிச்சைச் சாறு, சீனிப்பாகு, ஐஸ் போட்டுக் குலுக்கி வடிகட்டுவது, அவ்வளவுதான் டைகிரி. அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, கலந்து கொடுத்தவரையே கூப்பிட்டார். "தம்பி, புளிப்பு முன்னால ஓடுது, இனிப்பு பின்னால நொண்டிக்கிட்டு வருது. அளந்தீங்களா?" அவர் சிரித்துக்கொண்டே, "இது எங்க ஹவுஸ் ஸ்டைல், ஆன்டி" என்றார். "ஹவுஸ் ஸ்டைலா? மருந்துக்கு நான் ஹவுஸ் ஸ்டைல் வெச்சிருந்தா ஊர்ல பாதிப் பேரு இருந்திருக்க மாட்டாங்க லா!" மேசையே வெடித்துச் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அடுத்த வாரமே வீட்டில் கலக்க ஆரம்பித்துவிட்டார்.

பிரிக்பீல்ட்ஸில் அவருடைய அடுக்குமாடி வீட்டில், சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவர், பத்மா, நான் மூவரும் கூடுவோம். அளப்பதற்கு இருமல் மருந்தோடு வரும் பிளாஸ்டிக் மூடி. குலுக்குவதற்கு இறுக மூடும் ஊறுகாய்ப் போத்தல். ஒரு வாரம் டைகிரி, ஒரு வாரம் மார்ட்டினி, ஒரு வாரம் நெக்ரோனி. நெக்ரோனியின் கசப்புக்கு நான் முகத்தைச் சுளித்தபோது, "பாவக்கா திங்கறவதானேடி நீ? இன்னொரு வாய் குடிச்சிட்டுச் சொல்லு" என்றார். இரண்டாவது வாயில் பிடித்துவிட்டது. முதல் வாய்க்குப் பிறகு என்ன தெரிகிறது என்று ஒவ்வொருத்தியும் சொல்லியாக வேண்டும். "நல்லா இருக்கு" என்று சொன்னால் விடமாட்டார். "நல்லா இருக்குன்னா என்ன? அது பதிலா?" என்று அதட்டுவார்.

ஒருத்திக்கு ஒரு கிளாஸ், அதுவும் சின்னது. ஒருநாள் பத்மா மகனோடு சண்டை போட்டுவிட்டு வந்தாள். கிளாஸைக் காலி செய்துவிட்டு இன்னொன்று கேட்டாள். அக்கா போத்தலை மூடி அலமாரியில் வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். "ருசி பாக்க வந்தியா, மறக்க வந்தியா? மறக்கணும்னா வேற வீடு பாரு. எங்கப்பா எஸ்டேட்ல சம்சு சாராயம் குடிச்சது மறக்கறதுக்குத்தான். கடைசில எங்களையே மறந்துட்டாரு." பிறகு அவளுக்குச் சுடச்சுட ரசமும் சோறும் போட்டார். இந்த மனுஷியைத்தான் குடிகாரி என்கிறார்கள்!

யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள். நம் கல்யாணங்களில் மாப்பிள்ளை தாலி கட்டும் நேரத்துக்குக் கார் நிறுத்துமிடத்தில் காரின் பின்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, பேப்பர் கப்பில் விஸ்கி ஊற்றிக் குடிக்கிறார்களே, அந்த மகாராஜாக்கள். என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். அவர்களை யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. "ஆம்பளைங்க கொஞ்சம் ஜாலியா இருக்காங்க" என்று பெண்களே ஐஸ் கொண்டுபோய்க் கொடுப்போம். நானும் கொடுத்திருக்கிறேன்.

என் கோபம் அவர்கள்மேல் மட்டுமாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் நிம்மதியாக எழுதியிருப்பேன். சனிக்கிழமைகளில் பிரிக்பீல்ட்ஸுக்குத் தேவார வகுப்புக்குப் போகிறேன் என்றுதான் நான் வீட்டில் சொல்லியிருந்தேன். பத்மாவும் அதையேதான் சொன்னாள். என் வீட்டுக்காரர் வாராவாரம் கிள்ளான் ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, "நல்லா கத்துக்கிட்டு வா" என்பார். அக்காவிடம் இதைச் சொன்னபோது, "ஏன்டி, சாமிய ஏன் இதுல இழுக்கற?" என்று சிரித்தார். அவர் யாரிடமும் மறைத்ததில்லை. கேட்டவர்களிடம், "நான் கலக்குவேன், குடிப்பேன்" என்று நேராகச் சொல்லிவிடுவார். எங்கள் பெயரை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. கெட்ட பெயர் முழுவதையும் அவரே சுமந்தார். நாங்கள் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு ரயிலேறி வீடு வந்தோம்.

சாவு வீட்டில் அதற்குக் கூலி கிடைத்தது. என் வீட்டுக்காரர் எங்கள் வகுப்பைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியிருக்க வேண்டும், அக்காவின் தம்பி தனபாலன் எங்களிடம் வந்து, "நீங்கதானே அக்கா, தேவாரக் குரூப்பு? எடுக்கறதுக்கு முன்ன ரெண்டு பாட்டுப் பாடிடுங்க. அவளுக்குக் கொஞ்சம் புண்ணியமாச்சும் சேரட்டும்" என்றார். பத்மா என் கையை நகம் பதியப் பிடித்தாள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பதிகம் ஒன்றில் இரண்டு வரி மட்டும் எனக்கு ஞாபகம் வந்தது. அதைப் பாடினேன். மூன்றாவது வரி வரவில்லை. அழுகை அடைத்துக்கொண்டதுபோல முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். "பாவம், எவ்ளோ பாசம்!" என்று கூட்டம் உருகியது. சீ, என்ன பிழைப்பு! அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தது எனக்கு அன்று வசதியாக இருந்தது.

பதினாறாம் நாள் படையலுக்குப் பத்மாவும் நானும் போனோம், என் வீட்டுக்காரரும் வந்தார். அக்காவின் போத்தல்களையெல்லாம் கறுப்புப் பைகளில் கட்டிக் குப்பைக்கு அனுப்பியிருந்தார்கள். வாழையிலையில் அவருக்குப் பிடித்த நண்டுப் பெரட்டல், கத்திரிக்காய், வடை, பாயசம். குடிக்க, கடையில் வாங்கிய ஆரஞ்சு ஜூஸ். அக்கா அதை வாயில் வைக்கமாட்டார். மூன்று வருடம் முன்பு அவருடைய அண்ணன் இறந்தபோது, இதே கூடத்தில் படையலில் ஸ்டவுட் பீரும் பிராந்தியும் வைத்தார்கள். மூடியைத் திறந்து ஊற்றியவரே அக்காதான்.

எனக்கு ஒரு திட்டம் இருந்தது. ரம், எலுமிச்சை, சீனிப்பாகு மூன்றையும் பையில் கொண்டுவந்திருந்தேன். சமையலறையில் யாருமில்லாத நேரம் பார்த்து ஒரு டைகிரி கலக்கி, கிளாஸை இலையோரம் வைக்கப் போனேன். பார்ப்பதற்கு எலுமிச்சை ஜூஸ் மாதிரிதான் இருக்கும். தனபாலனும் அப்படித்தான் நினைத்தார். "லைம் ஜூஸா? வைங்க வைங்க." பக்கத்தில் இருந்த அவர் மாமியார் சொன்னார்: "நீங்கள்லாம் சாமி பாட்டுப் பாடறவங்க. இவ்ளோ நல்லவங்க சகவாசம் இருந்தும் இவ திருந்தலயே, அதான்மா எங்களுக்கு வருத்தம்."

கிளாஸை வைத்துவிட்டுப் பேசாமல் நகர்ந்திருக்கலாம். அக்காவுக்கு அவருடைய பானம் போய்ச் சேர்ந்திருக்கும். என் கை வைக்க மறுத்துவிட்டது.

"இது ஜூஸ் இல்ல. டைகிரி. ரம் இருக்கு" என்றேன். "நாங்க இங்க தேவாரம் படிக்க வரல. நாலு வருஷமா சனிக்கிழமை ஆனா இவங்களோட உக்காந்து குடிச்சோம். இவங்க குடிகாரின்னா நானும் குடிகாரிதான்."

"நானும்தான்" என்றாள் பத்மா.

என் வீட்டுக்காரர் வாசலில் செருப்பைத் தேட ஆரம்பித்தார். தனபாலன் கிளாஸுக்குக் குறுக்கே கையை நீட்டினார். "அதை இங்க வைக்காதீங்க, அக்கா. அசிங்கம் லா."

"உங்க அண்ணனுக்கு வெச்சப்ப அசிங்கமா இல்லையா?"

"அவரு ஆம்பளை. அது வழக்கம்."

"செத்ததுக்கப்புறமுமா ஆம்பளை, பொம்பளை?"

ஆரஞ்சு ஜூஸோடு படையலை முடித்து, அக்கா தனியாக வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்தினார்கள். நான் தோற்றுவிட்டேன். வெளி நடைபாதையில் அத்தனை பேர் பார்க்க அந்த டைகிரியைப் பத்மாவும் நானும் மாற்றி மாற்றிக் குடித்தோம். பாகு கொஞ்சம் கூடிப்போயிருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னேன், சொல்லும்போதே அழுதுவிட்டேன். சாப்பிடாமல் கிளம்பினோம்.

வீட்டுக்காரர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பேசும்போது பேசட்டும், அவரிடம் கேட்க எனக்கும் நாலு கேள்வி இருக்கிறது. போன வாரம் கோயிலில் ஒரு அம்மா பக்கத்திலிருந்தவரிடம் என்னைக் காட்டிச் சொன்னது காதில் விழுந்தது: "இதுவும் அந்தக் குடிகாரம்மாவோட கூட்டாளிதான்."

ஆமாம்மா, கூட்டாளிதான். மரகதம் அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தப் பெயரில் ஒரு பங்கு. அவர் உயிரோடு இருக்கும்போதே அதைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.