மேரிக்கு ஒரு டப்பா

புதுக்கோட்டையில் ஒரு லேப் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, சனங்க கொண்டுவரும் மல டப்பாவை வாங்கி வைப்பது என் வேலை. நீங்களும் இப்படிச் சன்னலில் உட்கார்ந்தவங்கன்னா என் கோபம் உங்களுக்குப் புரியும்.

ஆவூர்ப் பக்கத்துத் தையல்காரி மேரிக்கு முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே மூட்டைத் தின்கிற நோய். ஊசி பிடிக்க முடியவில்லை. ஆராய்ச்சி பண்ணுகிற டாக்டரம்மா, நல்ல குடல் உள்ள ஒருத்தர் மலத்தைச் சுத்தம் பண்ணி, அதிலிருக்கும் நல்ல கிருமிகளை மேரி குடலுக்குள் விட்டுப் பார்க்கலாம் என்றார். வீட்டு ஆள் யாராவது கொடுக்கணும். "கேக்குமான்னு எனக்கே தெரியாதும்மா, சோதனைதான்" என்றும் மறைக்காமல் சொன்னார்.

கொழுந்தன் மரியாதை

முதலில் மேரியின் கொழுந்தன் வந்தார். மூடியைத் திறக்குமுன்னே பினாயில் வாசம். நாறக் கூடாதென்று ரெண்டு மூடி ஊற்றியிருக்கிறார். நாங்கள் கேட்டது உயிரோடு இருக்கிற கிருமியை. மனுசன் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. வேறு டப்பா நீட்டினேன், வாங்கவில்லை.

"ஒரு தடவ மரியாதையாக் குடுத்தாச்சு. அதையே திருப்பிவிட்டா வேற என்னங்கம்மா செய்யிறது?"

தங்கச்சி கைப்பை

அரிமளத்திலிருந்து மேரியின் தங்கச்சி வந்தாள். டப்பா கொடுக்கிறவங்க மூணு மாசத்துக்குள் ஆன்டிபயாடிக் போட்டிருக்கக் கூடாது. "போட்டதே இல்ல" என்றாள். ஆதாரை எடுக்கக் கைப்பையைத் திறந்தால், பாதி தின்ற மாத்திரை அட்டை கீழே விழுகிறது. கெட்ட கிருமியோடு நல்லதையும் சேர்த்துக் கொல்லுகிற அதே மாத்திரை. கையில் எடுத்துக் காட்டினேன்.

"அது மருந்தில்ல பெரியம்மா, மெடிக்கல்ல சும்மா குடுப்பாங்க. தும்மல் வந்தா ஒண்ணு போட்டுக்குவேன்."

புருசன் கௌரவம்

மிச்சம் இருந்தது புருசன். வயலில் கிடந்து இறுகின உடம்பு, மாத்திரையே அறியாதது. அந்த ஆள் சன்னலுக்கு வராமல் பைக்கிலேயே உட்கார்ந்துகொண்டு, "ஊருக்குத் தெரிஞ்சா கேவலம்" என்றார். எனக்கு வசவு வாய்வரைக்கும் வந்துவிட்டது. கூட வந்திருந்த மேரி முந்திக்கொண்டாள். கோணின விரல்களை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஒங்கம்மா படுத்துக் கெடந்த நாலு வருசமும் பீத்துணி அலசுன கைங்க இது. அன்னைக்கு ஒங்களுக்குக் கேவலமாத் தெரியலையே."

நாலு பைக்குள்ளே

மறுவாரம் புருசன் தனியாக வந்தார். பைக்குள் பை, அதுக்குள் பை, நாலாவதுக்குள் டப்பா. முகத்தை அங்கிட்டுத் திருப்பிக்கொண்டே நீட்டினார். பேரைப் பொடியாக எழுதச் சொன்னார். சிவப்பு மையில் கொட்டை எழுத்தாகப் பேரை எழுதி, கீழே ஊரையும் எழுதினேன்.

"ஆத்தா, ஊரையுமா?"

அவர் டப்பா லேப் சோதனையில் தேறிவிட்டது. மேரிக்கு வலி குறையுமா என்பது இனிமேல்தான் தெரியும்.

இத்தனை வருசத்தில் நான் வாங்கி வைத்த அத்தனை டப்பாவையும் ஒரு கையுறையோடு தொட்டுவிட்டேன், அந்த வீட்டுக் கௌரவத்தைத் தொட்டபோதுதான் ரெண்டு கையுறை போட்டும் நாற்றம் போகவில்லை.